ஸ்கூல் கிஃப்டட் ப்ரோக்ராம் செலக்‌ஷன்: 5க்கு 2.5 ஸ்டார்

பொண்ணுக்கு 7 வயசு, போன டேர்ம்தான் அவ ஸ்கூல்ல கிஃப்டட் கிளாஸுக்கு, அதாவது ரொம்ப திறமையான பிள்ளைங்களுக்கான தனி கிளாஸுக்கு, ஆள் எடுத்தாங்க. டெஸ்ட்டை குறை சொல்ல மாட்டேன், வார்த்தை, எண், படம்னு மூணு பகுதி, அதுல படப் புதிர் இவளுக்கு ரொம்ப புடிச்சுப்போச்சு, ஒன்பது கட்டத்துல கடைசி கட்டம் காலியா இருக்கும், அதுல என்ன வரும்னு விரலாலயே மேசை மேல வரைஞ்சு பார்த்தேன்னு வந்து சொன்னா. 1938லயே ரேவன்ங்கிற பிரிட்டிஷ் உளவியலாளர் கொண்டு வந்த வகை அது, மொழி தெரியாத பிள்ளைக்கும் ஓரளவு நியாயமா இருக்கும்.

கட் ஆஃப் 130. சராசரி 100, 130ஐ தாண்டுறது நூத்துக்கு ரெண்டு பேர்தான். இவ எடுத்தது 128. எந்த டெஸ்ட்லயும் நாலஞ்சு பாயின்ட் அப்படி இப்படி ஆகும், அன்னைக்கு சளியோட போனா வேற, ஆனா ரீடெஸ்ட் கிடையாதாம், அவ செஞ்ச வேலை எதையும் பாக்கவும் இல்ல. ரென்சுல்லிங்கிற அமெரிக்க கல்வி உளவியலாளர் 1978லயே திறமை, கற்பனை, விடாமுயற்சி மூணும் சேர்ந்ததுதான் கிஃப்டட்னு எழுதிட்டாரு!

இதைவிட மனசு கஷ்டமானது அவ ஃப்ரெண்ட் விஷயம். டெஸ்ட் எழுதவே டீச்சர்தான் பிள்ளையோட பேர் குடுக்கணும், அந்த பையன் வாயே திறக்க மாட்டான், ஆனா பழைய கடிகாரத்தை கழட்டி திரும்ப மாட்டுவான், லிஸ்ட்லயே இல்ல. அமெரிக்காவுல ப்ரோவர்ட் கவுன்ட்டியில 2005ல ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க எல்லாருக்கும் டெஸ்ட் வெச்சதும் ஏழை வீட்டு பிள்ளைங்க நிறைய பேர் செலக்ட் ஆனாங்க.

சேர்க்குறவங்க முதல்ல எல்லாருக்கும் டெஸ்ட் உண்டா, ரீடெஸ்ட் உண்டான்னு கேட்டுக்கோங்க.