வினைவேகக் கணக்குக்கு லிப்ரேஆபிஸ் கால்க்: எதுவரை நம்பலாம்?

செறிவு, நேரம் இரண்டையும் அளந்து வைத்திருப்பவர்கள் வேக மாறிலி (வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று காட்டும் எண்) எடுக்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் விரிதாள் மென்பொருளான கால்க், கல்லூரி ஆய்வகத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் அது கணக்குத்தான் போடும். வினை எந்த வகை (செறிவு குறையும்போது வேகம் எப்படி மாறுகிறது) என்று நாம்தான் முடிவெடுக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க, பாடநூல்களில் அடிக்கடி வரும் பியூட்டைல் குளோரைடு நீராற்பகுப்புத் தரவு நன்றாகப் பொருந்துகிறது. 0, 50, 100, 150, 200 நொடிகளில் செறிவு 0.1000, 0.0905, 0.0820, 0.0741, 0.0671 மோல்/லிட்டர். முதல் நெடுவரிசையில் நேரம், இரண்டாவதில் செறிவு, மூன்றாவதில் செறிவின் இயற்கை மடக்கை. இது முதல் வகை வினை என்றால் மடக்கை நேரத்தோடு நேர்கோடாகக் குறையும், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கழித்தல் குறியை நீக்கினால் வேக மாறிலி. மடக்கைக்கு 'எல்என்' சார்பையே போடுங்கள். 'லாக்' என்று போட்டால் கால்க் 10ஐ அடிமானமாக எடுத்துக்கொள்ளும். வேக மாறிலி 2.303 மடங்கு குறைந்து வரும், எந்த எச்சரிக்கையும் வராது. 'ஸ்லோப்' சார்பும் அப்படித்தான்: அடைப்புக்குள் முதலில் மடக்கை, பிறகு நேரம். மாற்றிக் கொடுத்தாலும் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். சரியாகக் கொடுத்தால் சாய்வு −0.00200, அதாவது வேக மாறிலி 2.00 × 10⁻³ நொடி⁻¹, அரைவாழ்காலம் (செறிவு பாதியாகும் நேரம்) சுமார் 347 நொடி.

வரைபடத்துக்கு 'எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர்' மட்டுமே. 'லைன்' வகையைத் தேர்ந்தால் நேரம் வெறும் பெயராகிவிடும். போக்குக்கோடு 1, 2, 3 என்ற வரிசை எண்களுக்கு எதிராகப் போடப்படும். அளவீட்டு இடைவெளி சீராக இல்லாதபோது கோட்டின் வடிவமே கெட்டுப்போகும். போக்குக்கோட்டின் சமன்பாட்டில் தசம இலக்கங்கள் குறைவாகத் தெரிந்தால், அதன்மேல் வலச்சொடுக்கி எண் வடிவத்தை அறிவியல் குறியீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பலர் வழுக்கி விழுவது ஆர்-வர்க்க மதிப்பில் (கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்). மேலே உள்ள ஐந்து புள்ளிகளையே மடக்கை எடுக்காமல், பூஜ்ய வகை வினை (செறிவு குறைந்தாலும் வேகம் மாறாதது) என்று வைத்து நேர்கோடு போட்டுப் பாருங்கள்: 0.997 வருகிறது! இதைப் பார்த்துப் பூஜ்ய வகை என்று எழுதிவிடுவார்கள். விலகல்களுக்கு (அளந்த செறிவிலிருந்து கோடு காட்டும் செறிவைக் கழித்தால் வருவது) ஒரு நெடுவரிசை ஒதுக்கினால் குட்டு வெளிப்படும்: +0.0008, −0.0005, −0.0007, −0.0004, +0.0008. இரு முனையிலும் கூட்டல், நடுவில் கழித்தல். ஒழுங்கான வளைவு, அளவீட்டுப் பிழை இப்படி அணிவகுத்து நிற்காது. தவறான கோடும் இவ்வளவு நன்றாகப் பொருந்தியதற்கு, வினைபடுபொருளில் மூன்றில் ஒரு பங்குதான் தீர்ந்திருக்கிறது என்பதே காரணம். குறைந்தது இரண்டு அரைவாழ்காலம் வரை அளக்காமல் வினைவகையை முடிவு செய்யாதீர்கள். விலகலை வரைந்து காட்ட கால்க்கில் ஒரே சொடுக்கு வசதி இல்லாதது உண்மையிலேயே குறைதான்.

நீண்ட நேரம் அளந்தால் வேறு சிக்கல். இதே வினையின் பிந்தைய புள்ளிகளையும் (300, 400, 700, 800 நொடிகளில் 0.0549, 0.0439, 0.0210, 0.0170) சேர்த்தால் சாய்வு 2.24 × 10⁻³க்கு நகர்கிறது. 12 சதவீத மாற்றம். செறிவில் 0.0005 பிழை தொடக்கத்தில் மடக்கையை 0.005 அசைக்கும், கடைசிப் புள்ளியில் 0.03 அசைக்கும். 'ஸ்லோப்' எல்லாப் புள்ளியையும் சமமாகவே நடத்துகிறது. 'லைன்எஸ்ட்' சார்பு தரும் திட்டப் பிழையும் (சாய்வு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற அளவு) அதே அனுமானத்தில் வருவதுதான். என்றாலும் அதையும் பதிவு செய்யுங்கள். அடைப்புக்குள் நான்காவதாக 1 கொடுத்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-என்டர் அழுத்தினால் இரண்டாம் வரிசையின் முதல் கட்டத்தில் இருக்கும்.

சரியான வழி, மடக்கை எடுக்காமல் அடுக்குக்குறி வளைவையே நேரடியாகப் பொருத்துவது. தொடக்கச் செறிவும் வேக மாறிலியும் இரண்டு கட்டங்களில். கணித்த செறிவுக்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மூன்றாவதில். அதைக் கால்க்கின் 'சால்வர்' கருவி கொண்டு சிறுமமாக்கினால் ஏறக்குறைய 2.1 × 10⁻³ வரும். சால்வரில் இயல்பாக இருக்கும் நேரியல் கணக்கு இயந்திரம் இங்கே வேலைக்கு ஆகாது. 'ஆப்ஷன்ஸ்' போய் 'டெப்ஸ்' இயந்திரத்துக்கு மாற்றுங்கள். அதற்கு ஜாவா நிறுவியிருக்க வேண்டும். வேக மாறிலிக்கு 0.001 முதல் 0.004 வரை என்று எல்லை கட்டிவிட்டால் தேடல் சீக்கிரம் முடியும். அது தற்போக்குத் தேடல் என்பதால் இரண்டு மூன்று முறை ஓடவிட்டு விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.