இருபது வருடமாக ஒரு காஸ்ட் அயர்ன் புல்லட்

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்று சாவி கேட்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிடுவேன். பெரும்பாலும் வண்டி வாசலைத் தாண்டாது. பலமாக மிதிப்பார்கள், கிக்கர் திருப்பி அடிக்கும், காலைத் தேய்த்துக்கொண்டு சாவியைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

விஷயம் அம்மீட்டரில், அதாவது கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் முள் மீட்டரில் இருக்கிறது. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்து, சட்டென்று நடுவுக்கு வரும். பாயிண்ட் (ஸ்பார்க் வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்) திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் இரண்டு விரற்கடை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. அவ்வளவுதான். இது எனக்குப் பிடிபடவே ஆறு மாதம் ஆனது.

என்னுடையது 1989 மாடல் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, வார்ப்பிரும்பு (காஸ்ட் அயர்ன்) சிலிண்டர் வைத்த பழைய ரகம். 2004-இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். வடிவமைப்பு அதைவிட ரொம்பப் பழசு. இங்கிலாந்தின் ரெட்டிட்ச்சில் 1949 வாக்கில் வந்த புல்லட்தான் இதற்கு மூலம். பல பிரிட்டிஷ் வண்டிகளுக்குப் பின்னால் சஸ்பென்ஷனே இல்லாத காலத்தில் பின் சக்கரம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஆடும் ஸ்விங் ஆர்மோடு வந்தது அது. நம் ராணுவம் வாங்கியதைத் தொடர்ந்து, 1955-இல் அந்த இங்கிலாந்து கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். 1970-உடன் இங்கிலாந்தில் கடை மூடியாகிவிட்டது. 1977-இல் நாம் அங்கேயே ஏற்றுமதி செய்தோம். மகள் வீட்டிலிருந்து தாய்வீட்டுக்குச் சீர் போன மாதிரி!

போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. ஸ்ட்ரோக் நீளம், சுழற்சியைத் தக்கவைக்கும் ஃப்ளைவீல் கனம். அதனால் டாப் கியரிலேயே மெல்ல உருட்டிக்கொண்டு போனாலும் திணறாமல் இழுக்கும். 60, 65-இல் ஊர் ஊராகப் போகலாம். 80-ஐத் தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா பஸ்ஸா என்று தெரியாது, அப்படி ஒரு நடுக்கம்.

டேப்பெட்டை, அதாவது வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை மட்டும் நானே செட் செய்வேன். ஒருமுறை பட்டறையில் ஒருவர், சத்தம் வரக்கூடாதென்று இறுக்கிவிட்டார். வால்வு முழுசாக மூடாமல் சூட்டில் கருகி, ஹெட்டையே கழற்றும்படி ஆனது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, சிலிண்டர் அடியிலிருக்கும் சின்ன மூடியைத் திறந்து, வால்வைத் தள்ளும் கம்பியான புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கொஞ்சம் டிக் டிக் சத்தம் இருந்தால் நல்லதுதான்.

ஆயில் ஒழுகுமா? ஒழுகும். அடியில் அட்டை போட்டிருக்கிறேன்.

அப்புறம் கியர். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில், இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறு. முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. போன மாதம் தம்பியைப் பின்னால் உட்காரவைத்து அவன் வண்டியை ஓட்டினேன். செகண்ட் போடுவதாக நினைத்து வலது காலை ஓங்கி மிதித்தேன். அவன் மூக்கு என் முதுகில். இப்போதெல்லாம் அவன் சாவியைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்கிறான்.