மேடிசன் பள்ளத்தாக்கில் பண்ணை வாழ்க்கையும் ஃப்ளை ஃபிஷிங்கும்: பல வருட அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மேடிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், என்னிஸ் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், ஒரு மாட்டுப் பண்ணையில் வாடகை வீடு எடுத்துப் பல வருடங்களாகக் குடும்பத்தோடு இருக்கிறோம். இதைவிட நல்ல இடத்தில் நான் வாழ்ந்ததில்லை. ஆனால் ஃப்ளை ஃபிஷிங், அதாவது பூச்சி மாதிரி கட்டிய ‘ஃப்ளை’யைத் தூண்டிலில் வீசி மீன் பிடிக்கிற ஆசையில் பண்ணைக்கு வர நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வரவேண்டும். டிரவுட் என்ற குளிர்நீர் மீன் மேலே வந்து பூச்சியைக் கவ்வுகிற அருமையான வாரங்களும், பண்ணையில் ஒரு ஆள் குறைந்தாலும் வேலை தேங்கிவிடுகிற வாரங்களும் அநேகமாக ஒன்றாகவே வரும். இரண்டையும் முடிவு செய்வது மலைமேல் கிடக்கிற பனி.

எனக்குக் கணினி வேலை, வீட்டிலிருந்தே. வாடகையில் ஒரு பங்கைப் பண்ணை வேலையாகக் கழித்துக்கொள்வது ஏற்பாடு. ஆகவே இது வாரக்கடைசி விருந்தாளியின் பார்வை இல்லை, முழுநேரப் பண்ணைக்காரரின் பார்வையும் இல்லை.

கிழக்கே மேடிசன் மலைத்தொடர், மேற்கே கிரேவலி மலைகள். அங்கே குளிர்காலத்தில் சேரும் பனிதான் மே, ஜூனில் உருகி ஓடைகளில் இறங்குகிறது. அதில் ஒரு பகுதியை மடை திறந்து வாய்க்காலில் விட்டுப் புல்வெளிக்குப் பாய்ச்சுவார்கள், மிச்சம் ஆற்றுக்குப் போகும். மொன்டானாவின் தண்ணீர்ச் சட்டத்தில் யார் முதலில் எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை, அதனால் நூறு வருடத்துக்கு முந்தைய தேதி உள்ள உரிமைக்கு இன்றும் மதிப்பு அதிகம். ஓடையில் நீர் குறைந்தால் பிந்திய தேதிக்காரர் மடையை மூடவேண்டியதுதான். பனி குறைந்த வருடத்தில் புல்லும் குறையும், ஆகஸ்டில் ஆறும் சூடாகும். இங்கே வந்த பிறகு நான் ஏப்ரல் மாதத்துப் பனி அளவு அறிக்கையைப் படிக்காமல் எந்த மீன்பிடிப் பயணத்தையும் திட்டமிடுவதில்லை.

கன்று ஈனும் காலம் பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். கறுப்பு ஆங்கஸ் மாடுகள். பழகிய பசுக்கள் தாமே ஈன்றுவிடும், முதல் ஈற்றுக் கிடாரிகளைத்தான் இரவும் பகலும் பார்க்கவேண்டும். மைனஸ் 25 டிகிரி இரவில் ஈரத்தோடு விழுகிற கன்றை உடனே துடைத்துச் சூடு காட்டாவிட்டால் காது நுனி உறைந்து பிறகு உதிர்ந்துபோகும், இன்னும் கொஞ்சம் தாமதித்தால் கன்றே போய்விடும். முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போயாகவேண்டும். தாய் விடவில்லை என்றால் கறந்து குழாய் வழியாக ஊட்டுவோம். என் மகளுக்குப் பண்ணையில் மிகவும் பிடித்த மாதம் இதுதான், அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வாரங்களில் மீன்பிடிப்பு என்றால் வெயில் வந்த மத்தியானத்தில் ஒரு மணி நேரம், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன மிட்ஜ் (கொசு போன்ற பூச்சி) ஃப்ளையை வைத்துக்கொண்டு. ராடின் (தூண்டில் கம்பின்) வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மே மாதம் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள், தடுப்பூசி, காயடிப்பு, சூடு மூன்றும் ஒரே நாளில் முடியும். அப்புறம் நாமும் அவர்கள் பண்ணைக்குப் போகவேண்டும், இதற்குக் கூலி கிடையாது, மதியச் சாப்பாடு மட்டும். இந்த மாதத்தில் என்னிஸ் ஏரிக்குக் கீழே ஓடும் கீழ் மேடிசனில் கேடிஸ் பூச்சிகள் மேகம்போல எழும். பனி உருகிய கலங்கல் தண்ணீர் வந்து கெடுப்பதற்குள் சில நாட்கள்தான், சூடு போடும் நாளோடு மோதினால் கேடிஸை விட்டுவிடுவேன்.

மே கடைசியில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மீன்பிடிக் காலம் தொடங்கும்போது ஃபயர்ஹோல் ஆற்றுக்கு இரண்டு இரவு போய்வருவது எங்கள் வருடத்தின் முதல் வெளியூர்ப் பயணம். வெந்நீர் ஊற்றுகள் கலப்பதால் மற்ற ஆறுகள் கலங்கிக் குளிர்ந்து கிடக்கும்போது இது மட்டும் மீன்பிடிக்கத் தயாராக இருக்கும். கரையில் நீராவி எழும், பைசன் என்ற காட்டெருமைக் கூட்டம் ஆற்றைக் கடக்கும், அவை நகரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதே வெந்நீரால் ஜூலையில் அந்த ஆறு மீன்களுக்கு ஆகாது, அப்போது போகாதீர்கள்.

ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் ஏரிக்கு மேலே உள்ள மேல் மேடிசனில் சால்மன்ஃப்ளை வரும். விரல் நீளப் பூச்சி, ஆரஞ்சு வயிறு. மூன்று நான்கு வருடம் கல்லுக்கடியில் புழுவாகக் கிடந்துவிட்டு, கரையேறித் தோலுரித்து, சிறகோடு வில்லோ புதர்களில் தொங்கும். இந்த எழுச்சி நாளுக்கு நாள் ஆற்றின் மேல்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். பெரிய பிரவுன் டிரவுட்கள் கூச்சம் விட்டுக் கரையோரமாக வந்து விழுங்கும். ஆனால் சரியாக அதே நாட்களில்தான் முதல் புல் அறுவடை. அறுத்துக் காயவைத்த புல் மழையில் நனைந்தால் அதன் சத்து போய்விடும், ஆகவே வெயில் நாளில் யாரும் ஆற்றுக்குப் போகமாட்டார்கள். அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள புல் உருண்டைகளை அடுக்கி முடிக்கும்போது மாலை எட்டு ஆகும். நல்லவேளையாக இங்கே ஜூலையில் ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் என் கோடைக்கால மீன்பிடிப்பு முழுவதும். பெட்டியில் எல்க் மான் முடியில் கட்டிய ‘எல்க் ஹேர் கேடிஸ்’ ஃப்ளை ஒன்று இருந்தால் போதும். அதை முதன்முதலில் உருவாக்கிய ஆல் ட்ரோத் பிற்காலத்தில் இதே மாநிலத்தின் டில்லன் ஊரில்தான் வாழ்ந்தார்.

இந்த ஆற்றில் இன்றைக்கு இருக்கிற மீன் வளம் தானாக வந்ததில்லை. ரெயின்போ, பிரவுன் என்ற டிரவுட் வகைகள் இரண்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் 1907ல் பொரிப்பகம் வைத்து வளர்த்ததும் இந்த ரெயின்போவைத்தான். இங்கே டிக் வின்சென்ட் என்ற மீன்வள ஆய்வாளர், பொரிப்பகத்தில் வளர்த்த மீன்களை ஆற்றில் விடுவது ஏற்கெனவே இருக்கிற மீன்களைக் குறைக்கிறது என்று மேடிசனிலேயே காட்டினார். அதன் விளைவாக 1974ல் மொன்டானா மாநிலம், டிரவுட் தானாகப் பெருகுகிற ஆறுகளில் வளர்ப்பு மீன் விடுவதை நிறுத்தியது. 1994ல் சுழல் நோய் (குஞ்சு மீன்களைச் சுழன்று நீந்தவைக்கும் ஒட்டுண்ணி நோய்) கண்டுபிடிக்கப்பட்டபோது மேல் மேடிசனில் ரெயின்போக்கள் கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்திருந்தன, பிறகு மெல்ல மீண்டன. பிடிக்கிற மீனை நான் தண்ணீருக்கு மேல் தூக்கிப் படம் எடுக்காததற்கு இந்த வரலாறுதான் காரணம்.

ஆகஸ்ட்டைப் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மதியம் இரண்டு மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை போடுவார்கள். கீழ் மேடிசனில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் அதற்கு மேலே உள்ள என்னிஸ் ஏரி ஆழமில்லாமல் வெயிலில் சூடேறிவிடுகிறது. காட்டுத்தீப் புகையும் சேர்ந்துகொள்ளும். ஒரு வருடம் இப்படித் தடை வந்தபோது முன்பதிவு செய்திருந்த தங்குமிடம் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது, ஆகவே ரத்து விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆகஸ்டில் போகவேண்டுமென்றால் ஹோல்டர் அணைக்குக் கீழே, கிரெய்க் ஊர்ப் பக்கம் மிசௌரி ஆறு நல்லது. அணையிலிருந்து வருவதால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்.

சாமான்கள். ஒன்பது அடி, ஐந்து எண் (எண் கூடினால் ராட் வலுவானது) ராட் ஒன்றே எனக்கு எல்லா ஆற்றுக்கும் உழைக்கிறது, ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் அடிக்கிற காற்றுக்கு ஆறு எண் ராட் இருந்தால் தோளுக்குச் சுகம். ஆற்றில் இறங்க மாட்டிக்கொள்ளும் நீர் புகாத கால்சட்டையான ‘வேடர்’தான் முதலில் போகும். பாறையில் வழுக்கி விழுந்து கிழிவதைவிட முள்கம்பி வேலியைத் தாண்டும்போது கிழிவது அதிகம், ஓட்டைக்கு வெயிலில் இறுகுகிற பசை தடவினால் பல மாதம் தாங்கும். கால் சேரும் தையல் பக்கம் கசிய ஆரம்பித்தால் பசையால் பலன் இல்லை. ஈரத்தோடு மடித்துப் போட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் சீக்கிரம் வீணாகும், தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துங்கள். பூட்ஸ் வாங்கும்போது ஃபெல்ட் (கம்பளி போன்ற துணி) அடி வேண்டாம், யெல்லோஸ்டோன் பூங்காவில் 2018 முதல் அதற்குத் தடை. ரப்பர் அடியில் உலோக ஆணி பதித்தது வாங்குங்கள், மேடிசனின் உருண்டைக் கற்களில் அது இல்லாமல் நிற்க முடியாது. ஊன்றுகோலும் வேண்டும்.

வரவேண்டிய மாதம் செப்டம்பர். இரண்டாம் அறுப்பு முடிந்திருக்கும், மாடுகள் இன்னும் மலை மேய்ச்சலில் இருக்கும், வெட்டுக்கிளி மாதிரி கட்டிய ஃப்ளைக்கு மீன் துணிந்து வரும். இந்த மாதத்தில்தான் நாங்கள் யெல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஸ்லௌ கிரீக் ஓடைக்குப் போய் இந்த மண்ணுக்கே உரிய கட்த்ரோட் டிரவுட்டைத் தேடுவோம், நடந்து போகவேண்டிய இடம், கரடிக்கான மிளகு ஸ்பிரே இடுப்பில் இருக்கவேண்டும். அக்டோபரில் ஹெப்கன் ஏரியிலிருந்து பெரிய மீன்கள் பூங்காவுக்குள் மேடிசனில் ஏறும். ஆற்றடியில் வெளுத்துச் சுத்தமாகத் தெரியும் கூழாங்கல் திட்டுகள் பிரவுன்கள் முட்டையிட்ட இடங்கள், அவற்றின்மேல் கால் வைக்காதீர்கள். அதற்குள் மாடுகளைக் கீழே இறக்கவேண்டும், கன்றுகளைப் பிரித்து லாரியில் ஏற்றவேண்டும். பிரித்த பிறகு இரண்டு மூன்று இரவு பசுக்கள் கத்திக்கொண்டே இருக்கும், தூங்க முடியாது, மனதுக்கும் கஷ்டமாக இருக்கும். இது எனக்கு இன்னும் பழகவில்லை.

நவம்பருக்குப் பிறகு தினமும் தீவனம் போடுவது, தொட்டியில் ஐஸ் உடைப்பது, எஞ்சின் சூடு ஆறாமல் இருக்க டீசல் வண்டியை இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைப்பது. இதில் சுவாரசியம் குறைவு, ஆனால் வாடகைக்கு வருகிறவர்கள் சாலையில் பனியை யார் தள்ளுவார்கள், இணையம் எப்படி, கிணற்றுக் குழாய் உறையுமா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள்.

ஆற்றுக்குள் இறங்க யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. மொன்டானாவின் 1985 சட்டப்படி பாலத்திலோ பொது இடத்திலோ இறங்கி, வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்குள் இருக்கும்வரை இரு கரையும் தனியார் நிலமாக இருந்தாலும் நடக்கலாம். ஆனால் வயல் வழியாக ஆற்றுக்குப் போகக் கட்டாயம் கேட்கவேண்டும். மாநில லைசென்ஸ் மார்ச் 1 முதல் பிப்ரவரி முடிய, அதனால் பிப்ரவரியில் வாங்கினால் சில நாட்களில் மறுபடி வாங்கவேண்டி வரும். யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு இது செல்லாது, தனி அனுமதிச் சீட்டு எடுக்கவேண்டும்.