கையாலயே பேக்கிங் வெட்டுறது – 6 வருஷ அனுபவம்

பொள்ளாச்சி பக்கம் தோட்டம். கிணத்துல 5 எச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒண்ணா சேந்தது) ஒண்ணு, அப்பா காலத்து ஆயில் இஞ்சின் ஒண்ணு, போக ஒரு பழைய மொபெட்டு. மூணுக்கும் 6 வருஷமா நாந்தான் பேக்கிங், அதாவது ரெண்டு பாகம் சேர்ற எடத்துல லீக் ஆகாம நடுவுல வைக்கிற கேஸ்கட், வெட்டிப் போடுறேன். ஆசைப்பட்டு ஆரம்பிக்கலீங்க, ஞாயித்துக்கிழமை கடை லீவு, தக்காளி நாத்து காயுது, வேற வழியில்ல.

அன்னிக்கு வெட்டுனது சக்ஷன் பிளாஞ்சுக்கு (தண்ணி உறிஞ்சுற பைப்ப பம்போட போல்ட் போட்டு சேக்கற வட்டத் தட்டு), பழைய லாரி டியூப்ப கத்திரியால வெட்டிப் போட்டேன். ஒரு போல்ட் ஓட்டை உள்பக்கமா லேசா கிழிஞ்சிருச்சு, டைட் வச்சா சரியாயிரும்னு விட்டுட்டேன். மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. வெளிய ஒரு சொட்டு ஒழுகல, அதனால பேக்கிங் மேல சந்தேகமே வரல, உறிஞ்சுற பைப்போட அடில இருக்கற புட்வால்வ ஏத்தி எறக்கியே அரை நாள் போச்சு. சக்ஷன் சைடுல லீக்குன்னா ஓடுறப்ப தண்ணி வெளிய வராது, காத்து உள்ள போகும், பம்பு ஏர் புடிச்சுக்கும், இது அப்பத் தெரியாது. பெரியப்பா வந்து பாத்துட்டு "ஏஞ்சாமி, மொதல்ல அந்த ஜாயிண்டுல சாணிய அப்பி ஓட்டிப் பாரு"ன்னார். அப்புனேன், கொஞ்ச நேரத்துல தண்ணி கொட்டுது.

இப்ப சக்ஷனுக்கு 3 எம்எம் இன்செர்ஷன் ரப்பர் ஷீட்டுதான், நடுவுல துணி இருக்கறதால பிதுங்காது. டியூப் ரப்பரு தண்ணிக்கு ஓகே, ஆயில் பெட்ரோல் பட்டா ஊதிரும், அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க.

டூல்ஸ்னு பாத்தா பால்பின் சுத்தி (ஒரு பக்கம் உருண்டையா இருக்கும்), ஓட்டை போடுற ஹாலோ பஞ்ச் செட்டு, நல்ல கத்திரி, அவ்ளோதான். வார்ப்பு இரும்பு பிளாஞ்சா இருந்தா ஷீட்ட அது மேலயே வச்சு, போல்ட் ஓட்டை மேல சுத்தியோட உருண்டைப் பக்கத்தால மெதுவா தட்டணும், ஓட்டை விளிம்பே வெட்டிக் குடுத்துரும். ஒண்ணு விழுந்ததும் அதுல போல்ட்ட சொருகிடுங்க, அடுத்து அதுக்கு நேர் எதிர் ஓட்டை, அதுலயும் ஒரு போல்ட்டு, இனி ஷீட்டு நகராது. அப்புறம் உள் வட்டம், கடைசியாத்தான் வெளி விளிம்பு. நான் மொதல்ல வெளிய வெட்டிட்டு ஓட்டை போட்டு, எதுவுமே சேராம ஒரு ஷீட்டே வீணாச்சு.

பஞ்ச் அடிக்க அடில புளியமரக் கட்டை, அதுவும் குறுக்க அறுத்த முகம் மேல வர்ற மாதிரி. 8 எம்எம் பஞ்ச சிமெண்ட் தரைல வச்சு ஒரே அடி அடிச்சேன், முனை மழுங்கிப் போச்சு.

மொபெட்டு கிளட்ச் கவர்லயும் இதே மாதிரி தட்டப் போயி அலுமினியம் விளிம்பு நசுங்கிருச்சு, இன்னிக்கு வரைக்கும் அந்த எடத்துல ஆயில் கசியுது. அலுமினியத்துல சுத்தியே கூடாதுங்க. கவரோட விளிம்பு முகத்துல லேசா கிரீஸ் தடவி பேப்பர் ஷீட்ட அமுக்குனா அச்சு விழும், அத கத்திரில வெட்டுங்க. வெட்டுறதுக்கு முன்னாடியே கல்யாணப் பத்திரிகை அட்டைல ஒரு அச்சு எடுத்து கனத்தையும் எழுதி வச்சிருவேன், மோட்டார் ஷெட்டுல ஆணில 20 அட்டை தொங்குது.

கனம்தான் முக்கியம். ஆயில் இஞ்சின்ல ஆயில் பம்பு கவருக்கு மெல்லிசு பேப்பர் இருந்த எடத்துல கைல கெடைச்ச 0.8 எம்எம்ம போட்டேன், ஒரு சொட்டு லீக் இல்ல, ஆனா உள்ள கியருக்கும் கவருக்கும் கேப் கூடி பிரஷர் எறங்கிருச்சு. நல்லவேளை, மேல ஆயில் ஏறலன்னு ஒடனே பாத்துட்டேன்.

காம்பஸ் மாதிரி வர்ற சர்க்கிள் கட்டர் ஒண்ணும் வாங்குனேன், தண்டக் காசு. 3 எம்எம் ஷீட்டுல பிளேடு வளைஞ்சு ஆரம்பிச்ச எடத்துல வந்து சேரவே சேராது.

பழைய பேக்கிங்க சொரண்டும்போது மட்டும் ஜாக்கிரதை, ஆஸ்பெஸ்டாஸா (தூசி மூச்சுல போனா நுரையீரலக் கெடுக்கற நார்) இருக்கலாம். தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு சொரண்டுங்க, வயர் பிரஷ் போட்டு தூசி பறக்க விடாதீங்க. புதுசு வாங்கறப்ப ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டான்னு கேட்டு வாங்குங்க, வெல கொஞ்சம் கூடத்தான்.

ஹெட் கேஸ்கட் மட்டும் இன்னும் கடைலதான்.