குச்சிக் கணக்கு அருமை, விடைப் பக்கம்தான் சொதப்பல்

மகள் ஏழாம் வகுப்பு. இந்த வருடம் என்.எம்.டி.சி. என்ற தேசியக் கணிதத் திறன் தேர்வில் அவளுடைய பிரிவான கப்ரேகர் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். எண் தொடர் வந்தாலே பேனாவைக் கடிக்கிறாளே என்று 220 ரூபாய்க்கு இந்தப் பயிற்சிப் புத்தகத்தை வாங்கினேன். ஒரு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தீக்குச்சிச் சதுரங்கள் வரும் பாடம் பிரமாதம். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, ஒட்டினாற்போல் இரண்டுக்கு 7, மூன்றுக்கு 10. நூறு சதுரத்துக்கு? "400" என்றாள், யோசிக்காமல். அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாவது சதுரத்தில் நிறுத்திவிட்டு, "முதல் குச்சி ஒண்ணு, அப்புறம் மும்மூணா சேருதும்மா, 301" என்றாள். 7-இன் அடுக்குகளில் கடைசி இலக்கம் 7, 9, 3, 1 என்று சுற்றிச் சுற்றி வருவதையும் நன்றாகவே படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள்.

விடைப் பக்கம்தான் வயிற்றெரிச்சல். வெறும் எண்கள், ஒரு வரி விளக்கம் கிடையாது. 3, 8, 15, 24, 36 என்று ஒரு தொடர். ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டோம். 36 அச்சுப்பிழை, 35 இருக்க வேண்டும். எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டினால் வர்க்க எண்கள் வந்துவிடும்.

அதைக்கூட மன்னிக்கலாம். வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் கோடுகளால் இணைத்தால் அதிகபட்சம் எத்தனை துண்டுகள் என்று ஒரு கணக்கு. 1, 2, 4, 8, 16 வரை கொடுத்து அடுத்ததைக் கேட்கிறார்கள். விடை 32-ஆம்! மகள் 6 புள்ளி வைத்து வரைந்து எண்ணினாள், 30 வந்தது. புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்திருந்ததால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்துவிட்டன. ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி வரையச் சொன்னேன். அங்கே குட்டியாக ஒரு முக்கோணம் திறந்து 31 ஆனது. அதற்கு மேல் வராது. எழுதியவர் ஒரு தடவை வரைந்து பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பெற்றோர் கூட உட்கார முடியுமென்றால் வாங்குங்கள். எங்கள் வீட்டில் கடைசி நான்கு பக்கங்களையும் துணி கிளிப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.