ஃபிரையா, ஆர்எஃப்-ஃபையா? பாறைத் திரிபை அளக்க எதை எடுப்பது

கோலாலம்பூரில் நிலவியல் படிக்கும் தம்பி தங்கைகள் திரிபுப் பாடத்துக்கு, அதாவது அழுத்தத்தில் பாறை எவ்வளவு உருமாறியது என்று அளக்கும் பாடத்துக்கு, வந்ததும் பெரும்பாலும் ஃபிரை முறையின் பக்கமே சாய்கிறார்கள். நார்மன் ஃபிரை 1979-இல் வெளியிட்ட முறை அது. பாறையில் உள்ள மணிகளின் (துகள்களின்) மையங்களைக் குறித்தால் போதும், மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு மையத்தையும் நடுவில் வைத்து மற்றவற்றைக் குறித்த புள்ளிக்கூட்டத்தின் நடுவே நீள்வட்டமாக ஒரு வெற்றிடம் தெரியும். அந்த நீள்வட்டத்தின் நீள அகல விகிதமும் திசையும்தான் திரிபு.

சுலபம்தான். ஆனாலும் முதலில் ஆர்எஃப்-ஃபை (Rf/φ) முறையைக் கையால் செய்யுங்கள் என்பேன். ஒவ்வொரு மணியின் நீள அகல விகிதத்தையும் நீளச்சின் திசையையும் அளப்பது அது. பாறை நசுங்குமுன் மணி உருண்டையாக இருந்ததில்லை என்பதை அது மறக்க விடாது. விகிதம் கூடியது 6, குறைந்தது 1.5 என்று வைத்துக்கொள்வோம். மணிகள் தொடக்கத்தில் திசைக்கு ஒன்றாகக் கிடந்தவை. இப்போதும் நீளச்சுகள் எல்லாப் பக்கமும் சிதறியிருந்தால், 6-ஐ 1.5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்கவேண்டும்: திரிபு 2; பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மணியின் தொடக்க விகிதம் 3. ஒரே பக்கமாகக் குவிந்திருந்தால் திரிபுக்குப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கவேண்டும்: திரிபு 3; வகுத்து எடுத்தால் தொடக்க விகிதம் 2. எண்கள் அதேதான், விடை தலைகீழ்! ஃபிரை படத்தில் இந்தத் தொடக்க வடிவம் வராது.

சரி, ஃபிரை எங்கே ஜெயிக்கிறது? அழுத்தத்தில் மணியின் ஓரங்கள் கரைந்துபோன மணற்கல்லில். அங்கே ஆர்எஃப்-ஃபை கரைந்த வடிவத்தையே நீட்சி என்று படித்துவிடும். மையங்களின் இடைவெளியைப் பார்க்கும் ஃபிரை, முழுப்பாறையின் திரிபுக்கு அருகே வரும். ஆனால் மணிகள் ஓரளவு ஒரே அளவில், சீரான இடைவெளியில் இருந்திருக்கவேண்டும். இல்லையென்றால் வெற்றிடம் கலங்கிப்போகும்.

நம் ஊர்ப் பாறைகளில் கென்னி ஹில் மணற்கல் இரண்டுக்கும் தோதானது. பத்துமலைச் சுண்ணாம்புக்கல் பளிங்காக மறுபடிகமாகிவிட்டது, பழைய மணி ஓரம் கிடைப்பது அரிது. புக்கிட் தாபூர் முகடு அழகில் ஆசைகாட்டும். ஆனால் அது பாறை உடைந்து நகர்ந்த பிளவுமண்டலத்தில் படிந்த குவார்ட்ஸ், தொடக்க வடிவம் தெரிந்த மணி அங்கே ஏது? அங்கே விரிசல்களை அளக்கலாம், இந்த இரண்டு முறையும் வேண்டாம்.

எந்த முறையானாலும் பாறையை ஒரே தளத்தில் வெட்டிப் பார்த்தால், அந்த ஒரே வெட்டு போதாது. முப்பரிமாணத் திரிபுக்கு வழக்கமாக ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று வெட்டுகள் எடுப்பார்கள். ஒரே வெட்டில் இரண்டு முறையும் வேறு விடை தந்தால் சராசரி எடுக்காதீர்கள். நுண்ணோக்கியில் மணி ஓரங்களைப் பாருங்கள். கரைந்து பல்பல்லாகப் பொருந்தியிருந்தால் ஃபிரையின் எண்ணை எழுதுங்கள், ஓரம் முழுசாக இருந்தால் ஆர்எஃப்-ஃபையின் எண்ணை.