திரையில் 38911 தெரிந்தால் மட்டும் போதாது: பழைய கணினி ஏலத்தில் நடக்கும் மோசடி

இணைய ஏலத்தில் பழைய கணினி, குறிப்பாகக் கமடோர் 64, வாங்க எண்ணியிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்கு வந்து சேர்ந்த இயந்திரத்தில், ஒலியை உண்டாக்கும் சிட் சிப் இல்லை. அது பழுதாகியிருக்கவில்லை, கழற்றி எடுக்கப்பட்டிருந்தது. விற்பனையாளர் வெளியிட்ட புகைப்படங்கள் அனைத்தும் உண்மையானவை, அந்த இயந்திரத்தையே எடுத்தவை. உண்மையான படங்களைக் கொண்டே எப்படி ஏமாற்ற முடிந்தது என்பதை விளக்கினால்தான் அடுத்தவர் தப்பிக்க முடியும்.

முதலில் விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமடோர் 64 அரிய பொருளே அல்ல. 1982-இல் 595 டாலருக்கு வெளிவந்து, அடுத்த ஆண்டுக்குள்ளாகவே 200 டாலர் அளவுக்கு இறங்கி, ஒரு கோடிக்கும் மேல் விற்ற கணினி அது. ஆயினும் ஏலத் தளங்களில் அதன் தலைப்பில் ‘அரியது’ என்ற சொல் இல்லாத விளம்பரத்தைக் காண்பது கடினம். 2014-இல் ஒரு ஆப்பிள்-1 கணினி ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போனதைப் போன்ற செய்திகளைப் படித்தவர்கள், தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் எந்தப் பழைய விசைப்பலகையும் புதையல்தான் என்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஆப்பிள்-1 ஏறத்தாழ 200 மட்டுமே செய்யப்பட்டது என்ற விவரம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. விற்காமல் மாதக்கணக்கில் தொங்கும் விளம்பரங்களின் விலையைப் பார்த்து அடுத்த விற்பனையாளர் தன் விலையை வைக்கிறார். அவரைப் பார்த்து இன்னொருவர் வைக்கிறார். உண்மையில் விற்று முடிந்த ஏலங்களின் தொகையைத் தேடிப் பார்ப்பவருக்குத்தான் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி புரியும்.

நான் கேட்ட ஏலத்தில் தொகை ஏறிய விதமே சந்தேகத்துக்குரியது. இத்தகைய தளங்களில் நாம் தரத் தயாராக இருக்கும் உச்சத் தொகையை முன்கூட்டியே பதிவு செய்துவிடலாம். எதிரில் கேட்பவரின் தொகையைவிடச் சற்றே கூடுதலாக, நம் உச்சவரம்பு வரை, தளமே நமக்காகக் கேட்டுக்கொண்டு போகும். அந்த வரம்பு எவ்வளவு என்பது பிறருக்குத் தெரியாது என்பதில்தான் அந்த ஏற்பாட்டின் நேர்மையே இருக்கிறது. ஆனால் ஏலம் முடியும் தறுவாயில், வாங்கிய வரலாறே இல்லாத ஒரு கணக்கு, சிறு சிறு தொகையாக மீண்டும் மீண்டும் கேட்டு, என் உச்சவரம்பைத் தாண்டிய மறுகணமே நின்றுவிட்டது. ஏலம் அந்தக் கணக்குக்குப் போனது. சில நாட்களில் விற்பனையாளரிடமிருந்து எனக்கு மறுவாய்ப்பு வந்தது: வென்றவர் பணம் கட்டாமல் விலகிவிட்டாராம், நான் கேட்ட உச்சத் தொகைக்கே இயந்திரத்தைத் தருகிறாராம்.

வென்றவர் விலகுவது உலகில் நடக்காததல்ல. ஆனால் போலிக் கணக்கு ஒன்றை வைத்து வாங்குபவரின் வரம்பை அறிந்துகொண்டு, அந்த வரம்பிலேயே அவர் தலையில் பொருளைக் கட்டுவதற்கு இதைவிட வசதியான வழியும் கிடையாது. இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. போலிக் கணக்கு மிகப் பெரிய தொகையைக் கேட்டு, உங்கள் வரம்பு வெளிப்பட்டதும், ‘தொகையைத் தவறாகத் தட்டிவிட்டேன்’ என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பிறகு உங்கள் வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றுகொள்ளும். கேட்டவர்களின் பட்டியலையும், திரும்பப் பெற்ற தொகைகளையும் காட்டும் தளமாக இருந்தால் அதை அவசியம் பாருங்கள். மறுவாய்ப்பு வந்தால், உங்கள் உச்சத் தொகைக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. போலியாகக் கேட்டவரை நீக்கிவிட்டால் ஏலம் எந்தத் தொகையில் நின்றிருக்கும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையைச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் பேச்சுக்காவது வருவார்.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் நீலத் திரையின் புகைப்படம் தெளிவாக இருந்தது. கமடோர் 64-ஐ அறிந்தவர்கள் எதிர்பார்க்கும் ‘38911 பைட்டுகள் காலி’ என்ற வரியும் அதில் இருந்தது. கணினி இயங்கத் தொடங்கும்போது தன் நினைவகத்தைத் தானே சோதித்து அந்த எண்ணைக் காட்டும். நினைவகத்தில் கோளாறு இருந்தால் எண் குறையலாம், அல்லது திரையே வராமல் போகலாம். ஆகவே 38911 என்பது நல்ல அடையாளம்தான். விளக்கத்தின் கடைசி வரியில் மட்டும், ஒலியைச் சோதித்துப் பார்க்கும் வசதி தன்னிடம் இல்லை என்றும், உள்ளது உள்ளபடி விற்பதாகவும் விற்பனையாளர் எழுதியிருந்தார். அவர் வெளியிட்ட படத்திலேயே கணினி, தொலைக்காட்சியின் ஆன்டெனாத் துளையில்தான் இணைக்கப்பட்டிருந்தது. அந்த ஒரே கம்பியில் படமும் ஒலியும் சேர்ந்தே செல்லும். திரையைப் பார்த்தவர் ஒலியையும் கேட்டிருக்க வேண்டும், அல்லது ஒலி இல்லாததைக் கவனித்திருக்க வேண்டும்.

அடிப்பக்கத்தின் மூன்று திருகுகளிலும் புதிய கீறல்கள் இருந்தன. மூடியைத் திறந்தபோது போர்டு முழுவதும் பல ஆண்டுத் தூசி படிந்திருக்க, சிட் சிப் இருக்க வேண்டிய 28 கால் சாக்கெட்டைச் சுற்றி மட்டும் தூசி விரல்பட்டுத் துடைந்திருந்தது. சாக்கெட் காலி. சிட் இல்லாமலும் கமடோர் 64 எந்தக் குறையும் சொல்லாமல் தொடங்கும். திரையில் அதே 38911 வரும். விசைகள் எல்லாம் வேலை செய்யும். சிட்டைப் பிடுங்கிவிட்டு, அதன் பிறகு திரையைப் படமெடுத்து, ‘வேலை செய்கிறது’ என்று விற்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

எதற்காகப் பிடுங்குகிறார்கள் என்பதற்கு விடை எளிது. பாப் யானிஸ் வடிவமைத்த, 6581 என்ற எண் கொண்ட அந்த சிட் சிப், மூன்று குரல்களும், ஒலியின் தன்மையை மாற்றும் ஒரு அனலாக் ஃபில்டரும் கொண்ட முழுமையான இசைக் கருவி. அதன் ஃபில்டர் ஒவ்வொரு சிப்பிலும் சற்றே வேறுபட்டு ஒலிப்பதால், கணினியில் துளியும் ஆர்வமில்லாத இசைக் கலைஞர்கள்கூட அசல் சிப்பைத் தேடுகிறார்கள். கமடோர் நிறுவனம் 1994-இல் திவாலாகிவிட்டது. புதிய அசல் சிப் இனி வரப்போவதில்லை. அதனால் சிட்டைத் தனியே, உறையைத் தனியே, விசைத் தொப்பிகளைத் தனியே விற்றால் முழு இயந்திரத்தை விற்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் நிலை வந்துவிட்டது. அதே விற்பனையாளரின் முடிந்த ஏலங்களை நான் பிறகு புரட்டிப் பார்த்தபோது, ‘வேலை செய்யும் இயந்திரத்திலிருந்து எடுக்கப்பட்ட அசல் சிட்’ என்ற தலைப்பில் பல சிப்கள் தனித்தனியே விற்றிருந்தன. அவற்றில் ஒன்று என் இயந்திரத்தினுடையது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒலியைச் சோதிக்க வசதியில்லாதவர் எப்படி ‘வேலை செய்யும்’ என்று அங்கே எழுதினார் என்பதற்கு, நான் கேட்டும், அவர் பதில் அளிக்கவில்லை.

தனியாக விற்கும் சிட்டை வாங்கி ஓட்டையை அடைத்துவிடலாம் என்று எண்ணுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பழைய எழுத்தைச் சுரண்டி, மேல்பரப்பில் கறுப்புப் பூசி, 6581 என்று புதிதாக அச்சிட்ட போலிச் சிப்கள் புழங்குகின்றன. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் பல போலிகளின் பூச்சு கரைந்து வரும். பிற்காலத்து 8580 சிப்பும் சிட்தான் என்றாலும், 6581-க்கு 12 வோல்ட் தேவைப்படும் இடத்தில் அதற்கு 9 வோல்ட்தான் வேண்டும்; ஃபில்டருக்கான கெப்பாசிட்டர்களின் மதிப்பும் வேறு. கேட்காமல் மாற்றிச் செருகினால் சிப்பை எரித்துக்கொள்ள நேரிடும். இன்று புதிதாகச் செய்யப்படும் மாற்றுச் சிப்களில் சில நன்றாகவே ஒலிக்கின்றன. அவற்றை மாற்று என்று சொல்லி விற்பதில் எனக்குப் புகார் இல்லை, அசல் என்று சொல்லி விற்பதில்தான் இருக்கிறது.

அந்தப் பெட்டியில் இன்னொரு ஆபத்தும் ‘இலவசமாக’ வந்தது: கமடோரின் அசல் பவர் சப்ளை. உள்ளே பிசின் ஊற்றி அடைக்கப்பட்ட அந்தக் கட்டி, 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தருவது. வயதான பிறகு அதிலுள்ள, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதானால் மின்னழுத்தம் குறையாது, 5 வோல்ட்டைத் தாண்டி ஏறும். ஏறினால் முதலில் சாவது நினைவக சிப்கள்தான். குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டரில் சரியாகக் காட்டி, சூடேறிய பிறகு எகிறுவதும் உண்டு என்பதால், ஒருமுறை அளந்து பார்த்ததை வைத்து நம்பக் கூடாது. ‘அசல் பவர் சப்ளையுடன்’ என்பதற்காக ஏலத்தில் யாரேனும் கூடுதலாகக் கேட்டால், அது காலாவதியான மருந்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்குச் சமம். புதிதாகச் செய்யப்பட்ட பவர் சப்ளைக்கான தொகையையும் சேர்த்தே உங்கள் உச்சவரம்பைக் கணக்கிடுங்கள்.

சிவப்பு விளக்கு எரிகிறது என்பதைச் சோதனையாகக் காட்டும் விளம்பரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த விளக்கு 5 வோல்ட் வந்தாலே எரியும்; போர்டில் உள்ள அத்தனை சிப்களும் செத்திருந்தாலும் எரியும். ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்பதையும், மாறாக நிரூபணம் வரும்வரை, ‘சோதித்தேன், வேலை செய்யவில்லை’ என்றே எடுத்துக்கொள்கிறேன். பழைய கணினிகளையே விற்றுப் பிழைக்கும் ஒருவர், மின்சாரத்தைக்கூடச் செலுத்திப் பார்க்காமல் விற்கிறார் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மற்ற இயந்திரங்களிலும், படத்தில் தெரியாத கேடுகள் உண்டு. அமிகா 500 பிளஸ் போன்றவற்றின் போர்டில் சால்டர் செய்யப்பட்ட மீள்மின்னேற்ற பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கும். 1989-இல் வந்த மக்கின்டாஷ் எஸ்இ/30-இல் கெப்பாசிட்டர்கள் கசியும். லித்தியம் பேட்டரி வெடித்துக் கசிந்தால் போர்டே மிஞ்சாது. ‘பரணில் எடுத்து வைக்கும்போது நன்றாக ஓடியது’ என்று விற்பனையாளர் சொல்வது இவற்றில் உண்மையாகவே இருக்கலாம்; கேடு, எடுத்து வைத்த பிறகு நடந்தது. எனவே, உறை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் போர்டின் படம் இல்லாமல் இவற்றுக்கு ஏலம் கேட்காதீர்கள். மஞ்சளேறிய பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடாலும் புறஊதா ஒளியாலும் வெளுக்க வைக்க முடியும்; வெளுத்த உறை இயந்திரத்தின் ஆரோக்கியத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

கமடோர் 64-க்கு நான் இப்போது கேட்பது இரண்டுதான். ஒன்று, மூடியைத் திறந்து, முழுப் போர்டும் சிப்களின் மேலுள்ள எழுத்துகளும் படிக்கும்படி தெரியும் புகைப்படம். அதில் ஏல எண்ணை எழுதிய தாள் ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையேல் வேறு இயந்திரத்தின் படத்தை அனுப்பிவிடுவார்கள். மற்றொன்று, இயந்திரத்தை அணைத்த நிலையிலிருந்து தொடங்கி, இடையில் வெட்டாமல் எடுத்த, ஒலி கேட்கும் காணொளி. விளையாட்டு எதையும் ஏற்ற வழியில்லை என்று விற்பனையாளர் சொன்னால், கணினியிலேயே உள்ள பேசிக் நிரல்மொழியில், சிட்டுக்குரிய 54272-இலிருந்து தொடங்கும் முகவரிகளில் எண்களை எழுதும் நான்கைந்து போக் (POKE) கட்டளைகள் தட்டினாலே ஒரு சுரம் ஒலிக்கும். அந்த வரிகளை நீங்களே எழுதி அனுப்பிவிடலாம். திறந்தால் முத்திரைத் தாள் கிழிந்துவிடும் என்று தயங்கும் விற்பனையாளரின் இயந்திரத்தில், அந்தத் தாள் கிழியாமல் இருக்கும் நெருக்கமான படத்தையாவது கேளுங்கள்.

என் புகாரின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியைக் காட்டி விற்பனையாளர் மறுத்தார். ஒரு பாகம் பழுதாக இருப்பதும் அது அகற்றப்பட்டிருப்பதும் வேறு வேறு என்றும், அகற்றப்பட்டதை விளக்கத்தில் சொல்லவில்லை என்றும் தளத்துக்கு எழுதினேன். காலிச் சாக்கெட்டின் படத்தையும், ஆன்டெனா இணைப்பு தெரியும் அவருடைய சொந்தப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். இயந்திரத்தின் விலை திரும்ப வந்தது. எனக்கு அனுப்பிய செலவும் திருப்பி அனுப்பிய செலவும் வரவில்லை; கனமான பெட்டி என்பதால் அது சிறு தொகை அல்ல. புகார் நிலுவையில் இருந்தபோதே விற்பனையாளர் விளம்பரத்தின் வாசகத்தைத் திருத்தியிருந்தார், ஆனால் ஏலம் முடிந்த அன்றே முழுப் பக்கத்தையும் படங்களோடு சேமித்து வைத்திருந்ததால் அந்தத் திருத்தம் அவருக்கு உதவவில்லை.